இணைய ஏலத்தில் பழைய நாணயம் வாங்குவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

நான் சேர்ப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபாய்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்ததில் பாதிக்கு மேல் இணைய ஏலங்களில் வாங்கியவை. கல்யாண வீடோ காதுகுத்தோ, "நீங்கதானே அந்தக் காசு வாங்குறவர்?" என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் இதே கேள்விகள்தான் வரும். இனிமேல் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் வெள்ளி ரூபாயைச் சுற்றியே இருக்கும். தங்கக் காசு, ரூபாய் நோட்டுப் பக்கம் நான் போவதில்லை.

"வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் இருக்கு. பத்து லட்சம் தர்றாங்கன்னு வீடியோல சொல்றாங்களே, நிஜமா?"

இல்லை. அது 2012-இல் வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்கு வந்த காசு. நம் கையில் புழங்கும் அளவுக்கு அச்சடித்ததுதான். அதைப் பத்து லட்சத்துக்கு யாரோ விற்பனைக்குப் போட்டிருப்பார்கள். வாங்கியவர் யார் என்று தேடிப் பாருங்கள், ஒருவரும் இருக்கமாட்டார். "காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், ரிசர்வ் வங்கி அனுமதிக்குப் பணம் அனுப்புங்கள்" என்று பேச்சு திரும்பினால் போனை வைத்துவிடுங்கள். பழைய காசு, நோட்டு விற்பனையில் தன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

இது விற்பவரின் கேள்வி, வாங்குபவருக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

"கடையில வாங்கறதா, ஏலத்துல வாங்கறதா, எது சீப்?"

எப்போதும் ஏலம்தான் சீப் என்று சொல்லமாட்டேன். எங்கும் கிடைக்கிற ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் கடையில் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவதே நல்லது. கூரியர் செலவும் இல்லை. கடைக்காரர் கண்ணிலேயே படாத காசு, குறிப்பிட்ட வருடம், குறிப்பிட்ட ரகம் வேண்டும் என்றால்தான் ஏலத்துக்கு வேலை.

"ஒரு காசுக்கு இதுதான் நியாய விலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் அடிமட்டம். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1946, 1947 ரூபாய்கள் வெறும் நிக்கல். காசில் உள்ள வெள்ளியின் எடையை அன்றன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உருக்கு விலை, அதாவது காசை உருக்கி வெள்ளியாக விற்றால் கிடைக்கும் விலை, வந்துவிடும். எவ்வளவு தேய்ந்த வெள்ளிக் காசும் கிட்டத்தட்ட இந்த விலைக்காவது போகும். "அடிமாட்டு விலை" என்று ஒருவர் கூவுவது உருக்கு விலையைவிட எத்தனை மடங்கு என்று பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும்.

அடுத்தது விற்ற விலை. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம். பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ், மும்பையின் டோடிவாலா போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலங்களில் எந்த லாட் (ஏலத்துக்கு வந்த ஒவ்வொரு உருப்படி) எவ்வளவுக்குப் போனது என்று பார்க்கலாம். வெளிநாட்டு ஏலங்களுக்கு காயின்ஆர்க்கைவ்ஸ், ஏசிசர்ச் இருக்கின்றன. அதே வருடம், அதே நாணயச்சாலை, அதே தரம் உள்ள ஐந்து விற்பனைகளைத் தாளில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஒன்றையும் கீழே உள்ள ஒன்றையும் அடித்துவிடுங்கள். மேலே போனது இரண்டு பேர் வீம்புக்கு மோதியதாக இருக்கலாம். கீழே போனது படம் சரியில்லாததாக இருக்கலாம். மிச்சம் மூன்றுதான் உங்கள் சந்தை. சில நிறுவனங்கள் கமிஷன் சேர்த்து விலை போடும், சில சேர்க்காமல் போடும். எது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

அச்சுப் புத்தகத்தில் இருக்கும் விலைப்பட்டியலை நான் விலைக்காகத் திறப்பதில்லை. எது அரிது, எது சாதாரணம் என்று பார்க்க மட்டும்தான்.

"ராஜராஜன் காசு ஆயிரம் வருஷம் பழசு. அது 1939 ரூபாயைவிடக் கம்மியா? நம்பவே முடியலையே!"

நம்புங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் ராஜராஜன் பெயரும் உள்ள செப்புக் காசு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது, இன்னும் புழங்குகிறது. சுமாரான ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். 1939-ஆம் ஆண்டு போட்ட வெள்ளி ரூபாய் கிடைப்பதே அபூர்வம், தேடுகிறவர்களோ ஆயிரக்கணக்கில். வயசு விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், இவை இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

கதைக்கும் விலை உண்டு. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, வெளியே போனது போக மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் யானையைத் திருத்திப் போட்டார்கள். இன்றும் "பன்றி ரூபாய்" என்று பெயர் சொன்னாலே ஏலத்தில் நாலு பேர் கூடுதலாக நிற்பார்கள். அந்தக் கதைக்காக நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

"விஎஃப், எக்ஸ்எஃப், யூஎன்சின்னு போடறாங்க. அப்படின்னா?"

தேய்மானத்தின் அளவு. ஃபைன் என்றால் எழுத்து எல்லாம் படிக்கலாம், உருவத்தின் மேடுகள் மழுங்கியிருக்கும். விஎஃப், எக்ஸ்எஃப் என்று போகப் போக நுணுக்கம் கூடும். யூஎன்சி புழக்கத்துக்கே போகாதது. ஃபைன் என்று பெயர் இருந்தாலும் அது கீழ்ப்படிதான், ஏமாந்துவிடாதீர்கள்.

விற்பவர் போட்ட எழுத்தைப் படிக்காமல் படத்தைப் படியுங்கள். விக்டோரியா என்றால் கிரீடத்துக்குக் கீழே காதோரத் தலைமுடி. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் கிரீடத்தின் மணிகள், அங்கியின் யானை. முதலில் தேய்வது இந்த மேடுகள்தான். இந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்திருந்தால் வேறு கோணத்தில் ஒரு படம் கேளுங்கள். அனுப்பவில்லையா, அடுத்த லாட்டுக்குப் போய்விடுங்கள். தரம் ஒரு படி ஏறினால் விலை இரட்டிப்பாவது சாதாரணம். நியாய விலைக்கு வாங்குகிறேன் என்று தரத்தில் ஏமாறுவதுதான் அதிகம்.

"காசு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நல்லதுதானே?"

நூறு வருடத்து வெள்ளி பளபளப்பது நல்ல சகுனம் இல்லை. தொடாமல் வைத்த வெள்ளி கொஞ்சம் சாம்பலாக, ஓரத்தில் நீலமோ பழுப்போ ஏறித்தான் இருக்கும். புளி, விபூதி, பல்பொடி என்று நம் வீட்டு வைத்தியம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அப்படிப்பட்ட காசை அதே தரத்துக் காசின் விலையில் பாதிக்குக்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள்.

என் முதல் ஏல ரூபாய் 1862 விக்டோரியா. படத்தில் பால் மாதிரி வெள்ளை. உறையைப் பிரித்து ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தேன், முகம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் நார் போட்ட கோடுகள். என் மனைவி பார்த்துவிட்டு, "பூஜைச் சாமானை நானும் இப்படித்தான் தேய்ப்பேன், எனக்கு யாரும் இவ்வளவு தரமாட்டாங்க" என்றாள்.

நீங்களும் வாங்கிய காசைத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்தால் போதும்.

"ஐயாயிரத்துக்கு ஜெயிச்சேன், ஆறாயிரம் பில் வருது. ஏமாத்தறாங்களா?"

ஏமாற்றவில்லை, நீங்கள் விதிமுறையைப் படிக்கவில்லை. ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு, அதைத்தான் பிரீமியம் என்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் அது 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5,000-க்கு 750. அந்த 750 மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 135. கூரியர் 150. மொத்தம் 6,035. சில இடங்களில் காசின் விலைக்கும் ஜிஎஸ்டி போடுவார்கள்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். உங்கள் ஐந்து விற்பனைத் தாள் 6,000 என்று சொன்னால், கூரியர் 150-ஐக் கழித்து மீதியை 1.177-ஆல் வகுங்கள் (காசுக்கு 1, கமிஷனுக்கு 0.15, அதன் ஜிஎஸ்டிக்கு 0.027). 4,970 வரும். நீங்கள் கேட்கக்கூடிய உச்சம் அதுதான். ஏலம் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். சூடு பிடித்த பிறகு யாருக்கும் வகுத்தல் வராது.

"கடைசி செகண்டுல பிட் போட்டா சீப்பா அடிச்சிடலாமாமே?"

தளத்தைப் பொறுத்தது. ஈபே மாதிரி நேரம் முடிந்தால் முடிந்தது என்கிற இடத்தில் கடைசி நொடி பிட்டுக்கு, அதாவது விலை கேட்புக்கு, ஒரு பலன் உண்டு: உங்கள் ஆர்வத்தைப் பார்த்து இன்னொருவருக்கு வீம்பு ஏறாது. பல ஏலங்களில் கடைசி நிமிடத்தில் பிட் விழுந்தால் நேரம் தானாக நீளும். அங்கே இந்த வித்தை செல்லாது.

இரண்டிலும் நான் செய்வது ஒன்றுதான். முன்பே எழுதிய உச்சத்தை ஒரே தடவையாகப் போட்டுவிடுவேன். நான் 4,970 போட்டு, அடுத்தவர் 3,200-இல் நின்றால், தளம் என்னை 3,200-க்கு ஒரு படி மேலே மட்டும்தான் நிறுத்தும். முழுத் தொகையும் போய்விடாது. இது தெரியாமல் நூறு நூறாக ஏற்றுகிறவர்கள்தான் ராத்திரி பதினோரு மணிக்கு, வேண்டாத விலைக்கு ஜெயித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நான் போடப் போட ஒரே ஆள் ஏத்திக்கிட்டே போறார். செட்டப் பிட்டா இருக்குமோ?"

இருக்கலாம். விற்பவரே இன்னொரு பெயரில் ஏற்றுவது புதிதல்ல. அந்த ஆள் அதே விற்பனையாளரின் லாட்டுகளில் மட்டும் சுற்றுகிறாரா, எப்போதும் இரண்டாவதாகவே நிற்கிறாரா என்று பாருங்கள். "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறோம்" என்று மறுநாள் செய்தி வந்தால் சந்தேகம் பலம். அப்போது அந்த ஆள் புகுவதற்கு முன் என்ன விலையில் இருந்ததோ அதைத்தான் நான் சொல்வேன், உச்ச விலையை அல்ல.

ஆனால் இதை நிரூபிப்பது கஷ்டம், நிஜமாகவே அந்தக் காசு வேண்டும் என்று ஒருவர் நிற்பதும் உண்டு. முன்பே எழுதிய உச்சம் இருந்தால் எதிரில் நிற்பது யார் என்பது உங்கள் பிரச்சினையே இல்லை.

"வாட்ஸ்அப் குரூப்புல ஏலம் விடறாங்க, கமிஷனே இல்ல. நம்பலாமா?"

நல்ல காசுகள் அங்கே கிடைக்கின்றன, நானும் வாங்கியிருக்கிறேன். அங்கே கமிஷன் இல்லைதான், தகராறு வந்தால் கேட்பதற்கும் ஆள் இல்லை. காசு போலியானால் திருப்பி எடுப்பேன் என்று அட்மின் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா, விற்பவருக்குக் குழுவில் எத்தனை நாள் பழக்கம், இந்த இரண்டையும் பார்ப்பேன். முதல் தடவை சின்னத் தொகைக்கு வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள்.

"வந்த காசு ஒரிஜினலான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

பெருமளவு முடியும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசும் பத்து மடங்கு லென்ஸும் போதும். ரூபாயைத் தராசில் வையுங்கள். 11.6 சுற்றி வர வேண்டும், நன்றாகத் தேய்ந்தது 11.3, 11.4 காட்டும். காந்தத்தில் ஒட்டக்கூடாது. 1946, 47 நிக்கல் ரூபாய் மட்டும் ஒட்டும், ஒட்டாவிட்டால்தான் அது சந்தேகம்!

பிறகு தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். 91.7 சதவீத வெள்ளி உள்ள 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 அளவில் நிற்கும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3, அந்த வெள்ளி ரூபாயின் அடர்த்தி அதுதான். எடை சரியாக இருந்து தராசு 1.3-க்கு மேல் காட்டினால் அது ஜெர்மன் சில்வர் போன்ற கலவை. நூலில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும், ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் படியுங்கள். லென்ஸில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் ஊசித் துளைகள், சோப்பில் எழுதியது போல மழுங்கிய எழுத்து தெரிந்தால் அது வார்த்த காசு. ஒரிஜினல் அச்சில் அடித்தது.

இத்தனையும் தாண்டி நான் ஏமாந்தேன். ஒரு 1939 ரூபாய்: எடை சரி, தண்ணீர்ச் சோதனை சரி, விளிம்பு சரி. ஏன் சரியாக இருக்காது? அது நிஜமான 1938 ரூபாய். எட்டின் கீழ்ச்சுழியில் இடது பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தார்கள். லென்ஸில் பார்த்தால் அந்த ஒரு இலக்கத்தைச் சுற்றி மட்டும் தரை கொஞ்சம் குழிந்து, நிறம் மாறியிருந்தது. மூன்று வாரம் இழுத்த பிறகு விற்றவர் பாதிப் பணம் தந்தார். விலை ஏறிய வருடம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, இலக்கத்தை.

"1818 கம்பெனி காசு, ராமர் பட்டாபிஷேகம் போட்டது, வாங்கலாமா?"

சாமி அறையில் வைக்க வாங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி ராமர், அனுமன் படம் போட்டு நாணயம் வெளியிடவே இல்லை. 1616, 1717, 1818 என்று வருடம் போட்டு வருவதெல்லாம் பின்னாளில் அடித்த டோக்கன்கள். அரிசி இழுக்கும் காசு என்று கதை சொன்னால் இன்னும் வேகமாக ஓடுங்கள்.

"ரெண்டும் 1862 விக்டோரியா, ரெண்டும் ஒரே தரம். ஒண்ணு சாதாரண விலை, இன்னொண்ணு பத்து மடங்கு. ஏன்?"

1862 என்று போட்ட ரூபாயை அதே வருட எண்ணோடு 1870-கள் வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். பின்பக்கத்தில் அடியிலும் உச்சியிலும் இருக்கும் சின்னப் புள்ளிகளை வைத்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள். சில புள்ளி ரகங்கள் குறைவு. 1840 விக்டோரியா ரூபாயிலும் இதே கதை: தலையைச் சுற்றி எழுத்து தொடர்ந்து ஓடுவது ஒரு வகை, இரண்டாகப் பிரிந்து நிற்பது இன்னொரு வகை. ஐந்து விற்பனைத் தாளில் "அதே ரகம்" என்ற வார்த்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு லாபமும் உண்டு. விற்பவருக்கே ரகம் தெரியாமல் சாதாரண லாட்டாகப் போட்டிருப்பார். புள்ளி எண்ணத் தெரிந்தவருக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு அப்படி மாட்டும்.

"பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சு வர்றது வாங்கினா பயமே இல்லையா?"

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, 70-க்கு எத்தனை என்று தரம் போட்டு மூடித் தருவதுதான் ஸ்லாப். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். எண்ணுக்குப் பதில் "டீடெயில்ஸ்" என்று இருந்தால் நிஜக் காசு, ஆனால் தேய்த்ததோ பழுதானதோ என்று அர்த்தம். சாதாரண ரூபாய்க்கு ஸ்லாப் செலவே காசின் விலையைத் தாண்டிவிடும், அந்தக் கூடுதல் பணத்தை நான் கொடுப்பதில்லை.

"ஏலத்துல வாங்கின சோழர் காசை அமெரிக்காவுல இருக்கற பையனுக்கு அனுப்பலாமா?"

கூடாது. நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, பெட்டியில் மறைத்து எடுத்துப் போவதும் குற்றம்தான். அத்தகைய காசுகளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதனால் பில் கேட்டு வாங்கி வையுங்கள்.

"வயலில் உழும்போது கிடைத்தது, இன்னும் மண்கூடப் போகவில்லை" என்று ஆசை காட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வெளிநாட்டு ஏலத்திலிருந்து இங்கே வரவழைக்கலாம். ஆனால் மேலே போட்ட கமிஷன் கணக்கோடு சுங்க வரியையும் சர்வதேசக் கூரியரையும் சேர்த்துத்தான் உச்சத்தை எழுத வேண்டும்.

"தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ரூபாய்க் காசு, ஏலத்துல எவ்வளவு வரைக்கும் போகலாம்?"

கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வந்தது. 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, ஆக 28 கிராம். உருக்கு விலை உங்களுக்கே போடத் தெரியும். இதுபோன்ற நினைவு நாணயங்களை அரசு நாணயச்சாலையே முன்பதிவு வைத்து விற்கும், ஏலத்தில் வருவது அதற்கு மேல் கைமாறியது. மூலப் பெட்டி, அட்டை இல்லாமல் வந்தால் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள். புதிதாக வரப்போகும் நினைவு நாணயம் வேண்டும் என்றால் ஏலத்துக்குக் காத்திராமல் நாணயச்சாலையில் நேரே பதிவு செய்யுங்கள்.

"நியாய விலைக்கே வாங்கிட்டேன். நாளைக்கு வித்தா போட்ட காசு வந்துடுமா?"

நாளைக்கே என்றால் வராது. அந்த 6,035 ரூபாய்க் காசை அதே ஏலத்தில் திரும்ப விட்டு, அதே 5,000-க்குப் போனது என்று வையுங்கள். விற்பவரிடமும் கமிஷன் உண்டு. 10 சதவீதம் என்றால் கைக்கு 4,500. போக வர 1,535 ரூபாய் காலி, காசின் விலை ஒரு பைசாகூட இறங்காமலே.

என் பெட்டியிலிருந்து இதுவரை விற்றது மூன்று ரூபாய்கள். இரண்டில் நஷ்டம். மூன்றாவது, விற்றவருக்குப் புள்ளி எண்ணத் தெரியாத ஒரு 1862.